சூரியன் முழுசாக மறையவில்லை, சம்பந்தி!

செஞ்சி,
2.1.2020

மரியாதைக்குரிய சம்பந்தி தங்கராஜ் அவர்களுக்கு,

பாத்திரக்கடை இளையபெருமாள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி வளர்மதியும், மசக்கை தெளிந்த தங்கள் மருமகள் கவிதாவும் சுகம். அவலூர்பேட்டையில் தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாகத்தான் இருந்திருப்பீர்கள். ஏனென்றால் தங்கள் புதல்வர் போன வாரம் முழுக்க இங்கே இருந்தார்.

பெண்ணைக் கொடுத்தவன் வாய் திறக்கக் கூடாது என்று பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. மாப்பிள்ளை விமல்ராஜ் வந்ததும் வராததுமாக, "மாமா, அமாவாசை அன்னிக்குக் காலைல முழு சூரிய கிரகணம். முந்தின நாளே சிங்கவரத்துல டென்ட் போட்டுத் தங்கிடுவோம், குடும்பத்தோட" என்றார். எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கும் அதே சூரியன்தான் வருகிறது என்றேன். "இயற்கையோட இருந்து பாக்கணும் மாமா" என்றார். சொந்த வீட்டில் கட்டில் காலியாகக் கிடக்க, மார்கழிப் பனியில், கடலை பிடுங்கிய கொல்லையில் படுத்தேன். இயற்கை என் இடுப்புக்குக் கீழே ஒரு கல்லாக இருந்தது.

விடிந்ததும் அடுத்த கூத்து. மேல்மலையனூரில் அமாவாசை கும்பிட்டுத் திரும்பிய வேன் ஒன்று எங்கள் கூடாரத்தைப் பார்த்து நின்றது. இறங்கியவர்கள் வரிசை கட்டி, "அன்னதானம் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார்கள். நான் இல்லை என்பதற்குள் வளர்மதி, "அங்காளம்மாவப் பாத்துட்டு வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புவியா?" என்று புளிச்சோற்றுக் குண்டானைத் திறந்துவிட்டாள். பின்னாலேயே இன்னொரு வேன். கிரகணத்துக்கு முன் நாலு வாய் சாப்பிடலாம் என்றிருந்த எனக்குக் கிடைத்தது குண்டான் மட்டும். ஒருவர் கை கழுவிக்கொண்டே, "உப்பு கொஞ்சம் கம்மி" என்று என்னிடம் சொல்லிவிட்டு வேன் ஏறினார்.

கிரகணம் பிடித்தது. மாசமாக இருக்கிறவள் வெளியே தலைகாட்டக் கூடாது என்று சம்பந்தியம்மா போனில் சொன்னதற்குக் கட்டுப்பட்டு, கவிதாவைக் கூடாரத்துக்குள் உட்கார வைத்து ஜிப்பை இழுத்துவிட்டு, வாசலில் நானே காவல் இருந்தேன். "நைனா, இது இன்னா நியாயம்? பிசிக்ஸ் படிச்சவ நானு!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். பிறகு சத்தமே இல்லை. பதறிப்போய்த் திறந்தால், கூடாரத்தின் பொத்தல்கள் வழியாகக் குட்டிக் குட்டிப் பிறைச் சூரியன்கள் அவள் வயிறெங்கும் விழுந்து கிடக்கின்றன! பார்க்கவே கூடாது என்றதை வயிற்றின் மேலேயே கொண்டுவந்து போட்டுவிட்டார் தங்கள் மகன். அந்த ஓட்டைக் கூடாரத்தை இரவல் வாங்கி வந்தவர் அவர்தானே? அதட்ட வாயெடுத்தேன். "கத்தாத நைனா, உள்ள உதைக்குது" என்றாள். முதல் உதை, சம்பந்தி. நான் என்ன செய்வேன், அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்து கிரகணக் கண்ணாடியை மாட்டிப் பார்த்தால், பிறையான சூரியன் மறுபடி வளர்ந்துகொண்டிருக்கிறது.

"இன்னா மாப்பிள்ளை, முழுசா மறையவே இல்லியே?"

"சூரியன் முழு வளையமாத் தெரியறது திண்டுக்கல் பக்கம்தான் மாமா. நம்மூருக்கு இவ்ளோதான்."

"இத மொதல்லயே சொல்றதுக்கின்னா?"

"சொன்னா வந்திருப்பீங்களா?"

கேட்டீர்களா பேச்சை! ஆகவே, இனி என் வீட்டில் கிரகணம் என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று மகனைத் தாங்கள் கண்டித்து வைக்க வேண்டியது. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசி, கோபம் ஆறிய பிறகு செல்லும்படியாக.

இப்படிக்கு,
மனம் நொந்த
இளையபெருமாள்

பி.கு.: வருகிற ஜூனில் குருட்சேத்திரம் பக்கம் வளையம் முழுசாகவே தெரியுமாம். நம் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் போடச் சொல்லி மாப்பிள்ளையை நான்தான் நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் பேரப்பிள்ளையும் கைக்கு வந்துவிடும், தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம். சம்பந்தியம்மாவிடம் மட்டும் தாங்களே சொல்லிவிடுங்கள். எனக்குத் தைரியம் இல்லை.