பதினாலாம் கேள்வியின் வெற்றி வரலாறு

மனித குலத்தின் கண்டுபிடிப்புகளில் தலையாயவை மூன்று: சக்கரம், நெருப்பு, பல்தேர்வு வினா. சக்கரம் தேயும். நெருப்பு அணையும். பல்தேர்வு வினாவுக்கு மட்டும் ஒரு குறையும் வராது. நாலு விடைகளையும் பிழையாகக் கொடுத்தாலும் யாராவது ஒருவர் சித்தியடைந்தே தீருவார்.

இந்த மகத்தான கலை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த வரலாற்றை எழுத எனக்கு முழுத் தகுதி உண்டு. நான் முஸ்தாக், முகாமைத்துவ உதவியாளர். 'தாதியர் தொடர்கல்விப் பரீட்சை வினாவாக்கல் மற்றும் மதிப்பீட்டுக் குழு'வின் செயலாளரும் நானே. எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் கல்முனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை எந்தக் கலியாணத்திலும் வாழ்த்து மடல் என்னுடையதாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் மற்ற ஆஸ்பத்திரிகள் பொறாமைப்படும்.

இதில் எனக்குச் சொந்த அக்கறையும் இருந்தது. என் அடிவயிற்றில் ஒரு ஹேர்னியா. நோன்புப் பெருநாள் கழிந்ததும் இதே ஆஸ்பத்திரியில் வெட்டுவதென்று நாள் குறித்தாகிவிட்டது. என் காயத்துக்கு மருந்து கட்டப்போகிற கைகள் படித்த கைகளாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமா?

குழுவின் தலைவர் டொக்டர் ஸிராஜ் கொழும்பில் ஒரு செயலமர்வுக்குப் போய், ஒரு தோள்பையும் மூன்று விதிகளும் கொண்டுவந்தார். பையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு விதிகளை எங்களுக்குத் தந்தார்.

முதல் பரீட்சை அப்போதுதான் முடிந்திருந்தது. அதில் பதினாலாம் கேள்வி நான் ஆக்கியது: 'ஒரு நோயாளியிடமிருந்து அடுத்த நோயாளியிடம் போகுமுன் தாதி செய்ய வேண்டியது என்ன?' விடைகள்: 1. கை கழுவுதல். 2. கை தட்டுதல். 3. கை காட்டுதல். 4. கையொப்பமிடுதல்.

எல்லோரும் ஒன்றையே போட்டிருந்தார்கள். நான் பூரித்துப்போனேன். டொக்டர் ஸிராஜின் முகம் கறுத்துப்போனது.

"முஸ்தாக், இதென்ன வெட்கக்கேடு? ஒருத்தராவது பிழை விடல்லியே."

"நல்லந்தானே டொக்டர்?"

"எங்க நல்லம்? முதலாம் விதி என்ன செல்லுது? எல்லாருக்கும் விடை தெரிஞ்சா அது கேள்வியே இல்ல. கேள்வியெண்டா சூட்டு மெசின் மாதிரி நெல்லையும் பதரையும் பிரிக்கணும்."

வார்ட் சிஸ்டர் சுலோஜனா குழுவின் உறுப்பினர். எந்தக் கூட்டத்திலும் தேநீரோடு வருகிற ரோல்ஸைத் தொடாமல் விஷயத்தைத் தொடுகிற கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு. "டொக்டர், இது அஞ்சு நேரமும் தொழ முந்தி வுழூ எடுத்துக் கை கால் கழுவுற ஊர். மீன் வெட்டினாலும் கை கழுவுற சனம். தெரியாம எப்பிடி இரிக்கும்? தெரிஞ்சிரிக்கட்டுமே" என்றார்.

"தெரிஞ்சிரிக்கட்டும். ஆனா அது பரீட்சையில தெரியப்படாது" என்றார் தலைவர். இந்தக் கருத்தின் ஆழத்தை உணர்ந்து, சிஸ்டர் தவிர்ந்த மற்றவர்கள் ஆளுக்கு இன்னொரு ரோல்ஸ் எடுத்தோம்.

இரண்டாம் விதி: பிழையான விடைகளும் கவர்ச்சியாக இருக்க வேண்டும். கை தட்டுவதிலும் கை காட்டுவதிலும் யார் மயங்குவார்கள்? பதினாலாம் கேள்விக்கு 'அழகான பிழை' ஒன்றைச் செய்யும் பணி ஏகமனதாக என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. வாழ்நாளில் நான் பிழைகளை இலவசமாகவே செய்துவந்தவன். அதற்கென்று ஒரு குழு கேட்டது அதுவே முதல் தடவை.

இரண்டு நாள் யோசித்தேன். மனைவி ஸுல்பிகா, யாருக்குக் கலியாணம் என்று கேட்டாள். மூன்றாம் நாள் அது வந்தது:

'கையுறை போட்ட கை, கழுவிய கை.'

வாசித்துப் பாருங்கள். மோனை, இயைபு, ஓசை எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கின்றன. உண்மை மட்டும் வரவில்லை. அதற்கு அழைப்பு இல்லை.

கூட்டத்தில் வாசித்தபோது டொக்டர் ஸிராஜ் "மாஷா அல்லாஹ்" என்றார். சுலோஜனா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது பிழையான விடைதானே முஸ்தாக்?"

"ஓம் சிஸ்டர். சுத்தப் பிழை."

"மறுகா என்னத்துக்கு இவ்வளவு வடிவா எழுதினீங்க?"

கலைஞனிடம் கேட்கிற கேள்வியா இது? சரியான விடையை நான் எழுதவில்லை. அது மேலிடத்துச் சுற்றறிக்கை ஒன்றிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது: 'பராமரிப்பு வழங்கல் தொடர்புறு இடைவெளிகளின்போது உரிய உத்தியோகத்தரினால் மேற்கொள்ளப்படவேண்டியதாகவுள்ள கரச் சுகாதாரச் செயன்முறை.' இதற்குக் கை கழுவுதல் என்று பொருள். எழுதியவருக்கு அது தெரிந்திருக்கலாம்.

இரண்டாம் பரீட்சை வரலாறு படைத்தது. கெட்டிக்காரத் தாதியர் அத்தனை பேரும் என் வசனத்தைத் தெரிவு செய்திருந்தார்கள். சரியான விடை யாருக்கும் விளங்கவில்லை. முழுப் பரீட்சையிலும் முதலாவதாக வந்த நஜ்லா, அந்த வரியின் கீழ் ஒரு பூவும் கீறியிருந்தாள்.

நானே கொஞ்சம் பயந்துபோனேன். தலைவர் பயப்படவில்லை. அவரிடம் மூன்றாம் விதி இருந்தது.

"கெட்டிக்காரரெல்லாம் ஒரே விடையப் போட்டா, பிழை அவங்கள்ள இல்ல. நாம சரியெண்டு குறிச்ச விடையிலதான் பிழை. இத்தன பேரும் ஒண்டா பிழை விட ஏலுமா?"

"ஏலும் டொக்டர்" என்றார் சுலோஜனா. "எழுதினவர் அவ்வளவு கெட்டிக்காரர். டொக்டர், சீழ் பிடிச்ச காயத்தத் தொட்ட கையுறையோட அடுத்த ஆளத் தொட்டா என்ன நடக்குமெண்டு உங்களுக்குத் தெரியாதா?"

"அது சிகிச்சை சிஸ்டர். நாம இப்ப கதைக்கிறது மதிப்பீடு."

வாக்கெடுப்பு நடந்தது. நானும் கை தூக்கினேன். என் வசனம் 'பிழை'யிலிருந்து 'சரி'யாகப் பதவி உயர்வு பெற்றது. 'சகோதரி சுலோஜனா தவிர்ந்த ஏகமனதாக' என்று அறிக்கையில் எழுதினேன். சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. என் வசனம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. யாரோ அதற்கு ரோசாப்பூ வைத்து அச்சடித்து வார்ட் சுவரிலும் ஒட்டினார்கள்.

பெருநாள் வந்தது, போனது. என்னை வெட்டினார்கள்.

மறுநாள் காலை சத்திரசிகிச்சை வார்டில் படுத்திருந்தேன். கட்டிலுக்கு நேரே சுவரில், ரோசாப்பூவுக்கு நடுவே, நான். அடுத்த கட்டிலில் கனகரெத்தினம் என்ற மீனவர். காலில் திருக்கை முள் ஏறி, கால் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. நஜ்லா அந்தச் சீழைப் பொறுமையாக எடுத்துத் துடைத்துக் கட்டுப் போட்டாள். பிறகு அதே கையுறையோடு சிரித்த முகத்துடன் என் பக்கம் திரும்பினாள்.

"ஸேர், சாரத்தக் கொஞ்சம் இறக்குங்க. மருந்து கட்டுவம்."

"நஜ்லா, மொதல்ல கையக் கழுவிட்டு வாங்க."

"என்னத்துக்கு ஸேர்? பதினாலாம் கேள்வி." அவள் சுவரைக் காட்டினாள்.

"அது நான் எழுதினது புள்ள."

"தெரியும் ஸேர். எவ்வளவு வடிவு."

"அது பிழை."

அவள் முகம் வாடிப்போனது. "பிழையான விடைக்கா ஸேர் எனக்குச் சேர்டிபிக்கட் தந்தீங்க? அதில ஒங்கட கையொப்பமும் இரிக்கே."

சாரத்தை இறக்கினேன்.

கனகரெத்தினம் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "பயப்படாதீங்க. என்ட சீழ்ல கொஞ்சம் உங்களுக்கும் வந்திரிக்கும். இனி நாம சொந்தக்காரர்."

சொந்தம் மூன்றாம் நாள் கூடிவந்தது. காய்ச்சல் அடித்தது, காயம் சிவந்தது, கனகரெத்தினத்தின் காலைப் போலவே என் அடிவயிறும் வீங்கியது. சுலோஜனா வந்தார். குழாயடியில் நின்று, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று கழுவினார். பிறகு என் காயத்தைத் திறந்தார். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு அழுகை வந்தது. காயத்தால் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடமை தவறாத செயலாளர் என்ற வகையில், காய்ச்சலோடும் ஒரு புதுக் கேள்வி ஆக்கினேன்.

'செயலாளரின் காயம் சீழ் பிடித்ததற்குக் காரணம் யார்? 1. நஜ்லா. 2. கனகரெத்தினம். 3. திருக்கை. 4. பிழையை அழகாக எழுதி, பிறகு அதையே சரியென்று கை தூக்கியவர்கள்.'

அழகான பிழைகள் ஒன்றும் சேர்க்கவில்லை. சக்தி இல்லை. நஜ்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலைப் போட்டாள். கனகரெத்தினம் நாலைப் போட்டார். சுலோஜனா கைகளைத் துடைத்துவிட்டு நாலைப் போட்டார். நானும் நாலைத்தான் போட்டேன். கடைசியில் டொக்டர் ஸிராஜ் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மெதுவாக வாசித்து, யாரும் பார்க்காத மாதிரி அவரும் நாலைப் போட்டார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"அருமையான கேள்வி முஸ்தாக். ஆனா என்ன செய்ய? ஒருத்தரும் பிழை விடல்லியே."

முதலாம் விதியின்படி அந்தக் கேள்வி நீக்கப்பட்டது. பதினாலாம் கேள்வி அடுத்த பரீட்சைக்கும் இருக்கிறது.