என் லேப்டாப்பில் ஓடுகிறதே!

உங்கள் ஊரிலும் இவர் இருப்பார். எதையாவது செய்து கொடுப்பார். அது உங்களிடம் வேலை செய்யாது. தன்னிடம் வேலை செய்வதைக் காட்டி, உங்களைக் குற்றவாளியாக்கிவிட்டுப் போய்விடுவார். 'என் லேப்டாப்பில் ஓடுகிறதே' இனம். எங்கள் குளத்தூர்ப் பக்கத்தில் அதன் முதல்தர மாதிரி நிஜின். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் கழற்றாத அடையாள அட்டை, யார் எதைச் சொன்னாலும் பாதியிலேயே "மனசிலாயி, மனசிலாயி" என்று, எல்லாம் புரிந்துவிட்டதாகக் கையமர்த்தும் பழக்கம்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப்போய்க் கவனிக்கும் சங்கம் ஒன்று இங்கே உண்டு. அன்றன்று யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்று நர்ஸ் லிஷாவுக்குக் காட்ட, நிஜின் சின்னதாக ஒரு நிரல் எழுதினான். நோயாளிகளின் பெயரும் தேதியும் ஒரு ஃபைலில் இருக்கும். நிரல் அதைப் படித்துச் சொல்லும். அவனுடைய விண்டோஸ் லேப்டாப்பில் ஜோராக ஓடிற்று. திங்கட்கிழமை, சங்கத்தின் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினான். செவ்வாய்க்கிழமை அது 'இன்று யாருமில்லை' என்றது.

லிஷா ஃபோன் செய்தாள். "நிஜினே, இண்ணைக்கு யாரும் இல்லன்னு காட்டுது. சரியாக்குமா?"

"எனக்க லேப்டாப்பில நல்லா ஓடுது சிஸ்டரே. இல்லன்னு சொன்னா இல்லதான்."

புதன்கிழமையும் யாருமில்லை. வியாழக்கிழமை குன்னத்துகால் ஊரிலிருந்து விஜயம்மா ஃபோனில் அழுதாள். "செவ்வாக்கெழம மூத்திரக்குழாய் மாத்த வாறேன்னு சொன்னியளே சிஸ்டரே? இவருக்கு காய்ச்சலில உடம்பு பொள்ளுது!"

லிஷா ஓடினாள். விஜயம்மாவின் கணவர் சதாசிவன் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார்.

திரும்பி வந்த லிஷா கம்ப்யூட்டரைத் தானே துழாவினாள். ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கியதில் இருபத்தாறு நோயாளிகள். சின்ன எழுத்தில் தொடங்கியதில் ஒருவருமில்லை. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. நிஜின் ஃபைலுக்குப் பெரிய எழுத்து வைத்தான், நிரலிலோ சின்ன எழுத்து. தேடிய ஃபைல் கிடைக்காதபோது நிரல் கூச்சல் போட்டதா? இல்லை. காலியாக ஒன்றைத் தானே உண்டாக்கி, அதைப் படித்து, யாருமில்லை என்று அடித்துச் சொல்லியிருக்கிறது. எழுதியவனின் குணம் எங்கே போகும்?

"எலே, ஒரு எழுத்தில ஒரு மனுஷன் செத்துப்போக இருந்தாரு. வா, விஜயம்மாட்ட நீயே சொல்லு."

"அது லினக்ஸுக்க கேடாக்கும் சிஸ்டரே."

ஒரு எழுத்தைத் திருத்தினான். 'லினக்ஸ் பிரச்சினையைத் தீர்த்துவிட்டேன்' என்று வாட்ஸப் குழுவில் போட்டான். பதினேழு பேர் கைகூப்பினார்கள். லிஷாதான் தனியாகக் குன்னத்துகாலுக்குப் போய், "அவன் சொன்னத நம்பினது எனக்க தப்பாக்கும்" என்று விஜயம்மாவின் முன்னால் நின்றாள்.

சிரிக்கிறீர்களா? போனவாரம் கேஸ் அடுப்பு பற்றவில்லை என்று வீட்டில் சொன்னபோது, எழுந்து போய்ப் பார்த்தீர்களா, அல்லது உட்கார்ந்த இடத்திலிருந்தே "காலையில் எனக்குப் பற்றியதே" என்றீர்களா? நீங்கள் பதில் சொல்லவேண்டாம். வீட்டில் கேட்டுக்கொள்கிறேன்.