துண்டுகள் படித்த கல்லூரி

பொன்னிருக்கை நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று யாரும் பூகோளப் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். அங்கே வெயில் அடித்தது, எப்போதாவது மழை பெய்தது, வரி தவறாமல் வசூலானது. ஆகவே அது ஒரு நாடுதான். அந்த நாட்டில் எல்லாச் சட்டத்துக்கும் தாய்ச்சட்டம் ஒன்று இருந்தது. எந்த இடத்தில் ஒருவருடைய துண்டு கிடக்கிறதோ, அந்த இடம் அவருடையது. வண்டியானாலும் பந்தியானாலும் கூத்துக் கொட்டகையானாலும் ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிட்டால் போதும். துண்டுக்காரர் சாவகாசமாக வரலாம், வராமலும் இருக்கலாம். அந்தத் துண்டை எடுத்துவிட்டு உட்காருவது கொலைக்கு அடுத்த குற்றம். இந்த வழக்கத்தைத் திட்டித் தீர்த்தவர்கள்கூடத் தோளில் ஒரு துண்டோடுதான் நடமாடினார்கள்.

தலைநகரின் பெருங்கல்லூரியிலும் அதே முறைதான். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு மண்டபம். புது மாணவர்கள் ஆண்டின் முதல் நாளில் தங்களுக்கு வேண்டிய மண்டபத்துக்குப் போய் இடம் பிடிக்க வேண்டும்; இடம் பிடித்தவர் பெயர் அந்தப் பாடத்தில் பதிவாகும். ‘விரும்பிய பாடம் யாவர்க்கும் உரிமை’ என்று வாசல் வளைவில் பெரிதாகச் செதுக்கி வைத்திருந்தார்கள்.

சீனித்தாய் அதை அண்ணாந்து படித்துவிட்டுத்தான் உள்ளே போனாள். தெற்குக் கோடியில் உள்ள கரட்டூரிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள். கரட்டூர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்களுக்கு முதலில் பல் பழுப்பேறும், பிறகு எலும்பு வளையும். அவளுடைய தம்பிக்கு அந்த ஆண்டுதான் முழங்கால் வளையத் தொடங்கியிருந்தது. அந்தத் தண்ணீரில் அப்படி என்ன இருக்கிறது, அதை எப்படிப் போக்குவது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு நீரியல் படிக்க வேண்டும். வேறு எந்தப் பாடத்தைத் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் அவளுக்கு வேண்டாம்.

கதவு திறந்ததும் முதலில் நுழைந்தவர்கள் அவளும் அவள் அப்பா மூக்கையாவும்தான். நீரியல் மண்டபத்தில் ஒரு மாணவர் தலைகூட இல்லை. பெஞ்சு முழுக்க ஜரிகைக் கரை போட்ட துண்டுகள்.

“என்ன தாயி, படிக்கிற எடத்துல துணி காயப் போட்ருக்காக?” என்றார் மூக்கையா.

மேடையில் நீரியல் ஆசிரியர் வருகை எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயராக அழைப்பார், பதில் வராது, துண்டைப் பார்த்து ‘வந்திருக்கிறார்’ என்று குறித்துக்கொள்வார். பக்கத்தில் பதிவுநாயகம் பீதாம்பரனார் நின்று மேற்பார்வை பார்த்தார்.

“ஐயா, எடம் காலியாத்தான இருக்கு. நான் ஒக்காந்துக்கிறட்டுமா?” என்று சீனித்தாய் கேட்டாள்.

பீதாம்பரனார் காதைப் பொத்திக்கொண்டார். “பெண்ணே, காலியிடம் என்ற சொல்லை இந்த வளாகத்தில் உச்சரிக்கலாகாது. அது தானியத்துறை அமைச்சருடைய பேரனின் இருக்கை.”

“அவரு எப்ப வருவாரு?”

“முதலில் அவர் பிறக்க வேண்டும்.”

“பொறக்காத பிள்ளைக்குத் தண்ணியப் பத்திப் படிக்கணும்னு ஆசை இருக்குன்னு எப்படிங்கய்யா தெரிஞ்சது?” என்றார் மூக்கையா.

“அவருக்கு எல்லா மண்டபத்திலும் துண்டு கிடக்கிறது. பிறந்தபின் தமக்குப் பிடித்ததைத் தேர்ந்துகொள்வார். தேர்வுச் சுதந்திரம் இந்நாட்டின் உயிர்மூச்சு என்பதை நீர் அறியமாட்டீரா?”

இப்படி வெளியே நின்றவர்கள் சீனித்தாய் மட்டும் அல்ல. வாசலில் பிள்ளைகள் கூட்டம் பெருகி, முணுமுணுப்பு அரண்மனை வரைக்கும் எட்டியது. ஏழை மாணவர் துயர் பொறாத மன்னர் பெயரால் உடனே ஓர் ஆணை பிறந்தது: ‘துண்டில்லாத காரணத்தால் எந்தப் பிள்ளையும் இடமிழக்கலாகாது. அனைவருக்கும் விலையில்லாத் துண்டு!’ மேளதாளத்தோடு கொடுத்தார்கள். நல்ல கெட்டித் துண்டு, நடுவில் மன்னரின் திருமுகம் அச்சிட்டது. மூலையில் ஓர் இடம் கண்டுபிடித்து ஒரு பையன் அதை ஆசையோடு விரித்தான். உட்காருமிடத்தில் அரச முகத்தை விரித்த குற்றத்துக்காக அவனைக் கொட்டடிக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் தங்கள் துண்டைத் தோளிலேயே வைத்துக்கொண்டார்கள். தலைநகர் முழுவதும் மன்னர் முகமாக இருந்தது. வேண்டியதும் அதுதானோ என்னவோ.

முணுமுணுப்பு அடங்கவில்லை. இரண்டாம் ஆணை வந்தது. இனி இடம் தகுதியின்படி கிடைக்கும். மதிலுக்கு வெளியே நின்று சொந்தத் துண்டை வீச வேண்டும். அது மண்டப ஜன்னல் வழியே போய் பெஞ்சில் விழுந்தால் இடம் உறுதி. அமைச்சர் பேரனுக்கும் கரட்டூர்ப் பெண்ணுக்கும் ஒரே மதில், ஒரே ஜன்னல். இதைவிடச் சமத்துவம் வேறு எங்கே உண்டு என்று பீதாம்பரனார் கேட்டார். தெருவுக்குத் தெரு துண்டெறி பயிற்சிக் கூடம் முளைத்தது. ஊர்ப் பள்ளிகளில் கணக்கையும் இலக்கணத்தையும் ஓரங்கட்டிவிட்டு வீசக் கற்றுக்கொடுத்தார்கள்.

கூடத்துக்குப் போக சீனித்தாய்க்கு வசதியில்லை. தங்கியிருந்த சத்திரத்தின் பின்சுவரில் அப்பாவின் வேர்வைத் துண்டை வீசி வீசிப் பழகினாள். தோள்பட்டை வீங்கிப்போனது. சோதனை நாளில் காற்று அவள் பக்கம் இருந்தது. துண்டு மதிலைத் தாண்டி, ஜன்னலுக்குள் நுழைந்து, பெஞ்சில் விழுந்தது. மூக்கையா அழுதேவிட்டார்.

பீதாம்பரனார் வந்து பார்வையிட்டார். “துண்டு விழுந்தது உண்மை. ஆனால் இன்னொரு துண்டின் மேல் விழுந்திருக்கிறது. அடியில் இருப்பது மூத்தது” என்று தீர்ப்புச் சொல்லி, வேர்வைத் துண்டை இரண்டு விரலால் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாம் ஆணைப்படி கல்லூரிக்கு விழா எடுத்தார்கள். ஓர் இடம்கூட மிச்சமின்றி நிறைந்த கல்லூரி உலகிலேயே இது ஒன்றுதான் என்று அமைச்சர்கள் பேசினார்கள். வெளியே நின்றவர்களுக்கும் ஒரு பட்டம் கிடைத்தது: நிலைமாணவர். அவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பாடம் கேட்கலாம். கேள்வி மட்டும் கேட்கக்கூடாது. கேள்வி இருக்கை உள்ளவர்களின் சொத்து.

சீனித்தாய் நின்றாள். வெயிலில் நின்றாள், தூறலிலும் நின்றாள். கரட்டூரிலிருந்து வந்த வண்டிக்காரர், தம்பி இப்போது கம்பு ஊன்றித்தான் நடக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் இருந்தாள்.

ஆசிரியர் துண்டுகளைப் பார்த்துச் சொன்னார்: “சில ஊர்களின் கிணற்றுநீர் பல்லைக் கறையாக்கும், எலும்பை வளைக்கும். இதன் காரணமும் மாற்றும் அறிய விரும்புவோர் கேட்கலாம்.” முறைப்படி சற்றுக் காத்திருந்தார். துண்டுகள் எதுவும் கேட்கவில்லை. “எவருக்கும் ஐயமில்லை. அடுத்த பாடம்” என்று ஏட்டைப் புரட்டினார்.

அவ்வளவுதான். கம்பி பெயர்ந்திருந்த பக்கம் வழியாகச் சீனித்தாய் உள்ளே குதித்தாள். கண்ணில் பட்ட முதல் துண்டை எடுத்தாள். அப்போதும் கசங்காமல் மடித்து ஓரமாக வைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“எனக்கு ஐயம் இருக்குய்யா. எங்க ஊருத் தண்ணிதான் அது. எதனால அப்படி ஆகுது? என்ன செஞ்சா போகும்?”

ஆசிரியர் கையிலிருந்த ஏடு நழுவியது. அந்த மண்டபத்தில் அவரிடம் யாரும் எதுவும் கேட்டதே இல்லை. “இன்னொரு தடவை கேளம்மா” என்றார். கேள்வி புரியாமல் அல்ல, கேட்கும் சுகத்துக்காக.

கல்லூரியே கிடுகிடுத்தது. காவலர்கள் வந்து சூழ்ந்தார்கள். ஆனால் உட்கார்ந்துவிட்ட குடியை எழுப்ப மன்னர் தம் திருவாயால் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இதுவரை யாரும் இப்படி உட்கார்ந்ததில்லை என்பதால் அந்தச் சட்டம் தேவைப்பட்டதில்லை. பீதாம்பரனார், பெண்ணின் தகப்பன் என்ற முறையில் மூக்கையாவையும் இழுத்துக்கொண்டு அரண்மனைக்கு விரைந்தார்.

கொலுமண்டபத்தில் வெண்கொற்றக் குடை விரிந்திருந்தது. இருபுறமும் கவரி வீசிக்கொண்டிருந்தார்கள். பீதாம்பரனார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்து, வழக்கை ராகத்தோடு படித்துமுடித்து, கைகட்டிக் காத்திருந்தார். மூக்கையா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்.

“ராசா எங்கய்யா?”

“எதிரே பார்த்துக்கொண்டே கேட்கிறாயே” என்றார் அரண்மனை அதிகாரி.

“பட்டுத் துண்டுல்ல கெடக்கு. தூசி வேற படிஞ்சிருக்கு. ராசா எப்பப் போனாரு?”

“போனார் என்பது ராஜத்துரோகம். வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்ல வேண்டும்.”

“அப்ப, இத்தன ஆணையும் போட்டது யாரு?”

அதிகாரி கவரி வீசுகிறவர்களை இன்னும் வேகமாக வீசச் சொல்லிக் கைகாட்டினார். பீதாம்பரனார் இன்னும் அரியணையைப் பார்த்துத் தலைகுனிந்து, திருவாய் மலரக் காத்துக்கொண்டிருந்தார். மூக்கையா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே நடந்தார். அவரை யாரும் தடுக்கவில்லை. தடுக்கவும் ஆணை வேண்டுமே!

நீரியல் மண்டபத்தில் காவலர்கள் ஆணைக்காகக் காத்து நின்றார்கள். அவர்களுக்கு நடுவே, பெஞ்சை விட்டு எழாமல் சீனித்தாய் இருந்தாள். மூக்கையா ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

“தாயி, நீ பாட்டுக்கு ஒக்காந்து கேக்க வேண்டியதக் கேளு. எந்திரிக்கச் சொல்ல அங்க ஆளே இல்ல.”

மெதுவாகச் சொல்ல அவருக்கு வராது. மற்ற ஜன்னல்களில் நின்றிருந்த பிள்ளைகளுக்கும் அது கேட்டது.