மூன்றரை மணிப் பல்வலி

இனிமேல் தன்னைத் தானே கவனித்துக்கொள்வது என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். தன்னை வேறு யாரும் கவனிப்பதில்லை என்பது அவருடைய கட்சி. வீட்டில் அவர் மனைவி காலை முதல் இரவு வரை அவரைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் கவனிப்பு வேறு ரகம்.

அவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு நேர் எதிரே ஒரு பெரிய ஹோட்டல். பன்னிரண்டு வருஷமாக, சாயங்காலம் மூன்றரை ஆனால் அந்த ஹோட்டல் ஜன்னலுக்குப் பின்னால் மூன்றடுக்குத் தட்டுகள் ஊர்வலம் போகும். கீழே சாண்ட்விச், நடுவில் சூடான குட்டி பன், உச்சியில் கேக். வந்தவர்களை எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்லிவிட்டு இவர் பார்த்துக்கொண்டிருப்பது அந்த உச்சியைத்தான். கேக்கின் மேல் இருக்கும் செர்ரிப் பழங்களைத் தெருவைத் தாண்டி எண்ணக்கூடிய கண் அவருக்கு. அந்தக் கண்ணுக்கு அவர் கண்ணாடியே போட்டதில்லை.

"போகணும்னா வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு போகவேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். போன வருஷம் பிறந்தநாளுக்கு அவள் அதைத்தான் கேட்டாள். "ஒரு டீக்கு அவ்வளவு தூரமா? அங்க கொதிக்கிறது மட்டும் வேற தண்ணியா?" என்று இவர் அன்றைக்குத் தத்துவம் பேசிவிட்டார். பேசிய வாயோடு இப்போது போய் எப்படிக் கூப்பிடுவது? ஆகவே கூடப் படித்த பல் டாக்டருக்கு ஃபோன் போட்டார். நாள் முழுக்க ஊராரை இனிப்புத் தின்னாதே என்று மிரட்டுகிறவர் அந்த டாக்டர். தனக்கு மிச்சம் வேண்டும் என்றுதான் அப்படி மிரட்டுகிறார் என்று சொல்பவர்களும் உண்டு.

"டேய், வியாழக்கிழமை மூணரைக்கு என்ன வேலை உனக்கு?"

"ஒரு கடைவாய்ப் பல் வருது. ஏன்?"

"அதைத் தள்ளிப் போடு. எதிர் ஹோட்டல்ல டீ. என் செலவு."

மறுமுனையில் குரல் ரகசியமாகத் தாழ்ந்தது.

"மூணு அடுக்கா?"

"மூணு அடுக்கு."

"வீட்டுக்குத் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? எனக்குப் பல் வலி. உன்கிட்ட காட்ட வரேன். நீ எனக்கு வைத்தியம் பாக்குற. இதுல பொய்யே கிடையாது."

"பல் வலி பொய்தானேடா?"

"அவ்வளவு கேக் தின்னா வந்துடும். நான் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்றேன், அவ்வளவுதான்."

அன்று மத்தியானமே தெருவைத் தாண்டிப் போய், ஹோட்டலின் தடித்த நோட்டில் பேரும் ஃபோன் நம்பரும் எழுதி இரண்டு இடம் பிடித்துவிட்டு வந்தார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க ஆச்சு?"

"பல்லு."

"எந்தப் பக்கம்?"

"இடது."

கால்மணி நேரம் கழித்து அவள் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப வலது கன்னத்தைப் பிடிச்சிருக்கீங்களே?"

"வலி நடக்குது."

"உங்க வலியாவது நடக்குதே. நம்ம குடும்ப டாக்டர் உங்களை நடக்கச் சொல்லி ஒரு வருஷம் ஆச்சு."

"வியாழக்கிழமை மூணரைக்கு வரச் சொல்லியிருக்கான்."

"வியாழக்கிழமை வரைக்கும் தாங்குமா?"

"தாங்கும், தாங்கும். அது தெரிஞ்ச வலிதான்."

வியாழக்கிழமை காலையில் அவளிடம் என்றுமில்லாத கனிவு. காலை உணவுக்கு உட்கார்ந்தவர் முன்னாலிருந்து தட்டை மெல்ல நகர்த்திவிட்டாள்.

"வேணாங்க. பல்லைப் பிடுங்கினாலும் பிடுங்குவாங்க. வெறும் வயிறுதான் நல்லது."

அவருக்கு உள்ளுக்குள் குஷி. மத்தியானமும் அவளே சாப்பாட்டை மூடிவைத்தாள். மூன்று அடுக்குக்கும் இடம் தயாராகிவிட்டது என்று அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார். நல்ல கோட்டை எடுத்து மாட்டும்போதுதான் சின்னக் குறுக்கு விசாரணை.

"பல்லைக் காட்ட கோட்டு எதுக்குங்க?"

"கிளினிக்ல ஏசி. குளிரும்."

"சென்ட்டு?"

"வாய்கிட்ட வந்து பாக்குறானே, அவன் மனுஷன் இல்லையா?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லி, காலரைக்கூட அவளே சரிசெய்து அனுப்பினாள். இவ்வளவு லேசில் நம்பிவிட்டாளே என்று அவருக்கு அவள்மேல் இரக்கமே வந்துவிட்டது.

ஹோட்டலுக்குள் கால் புதைகிற கம்பளம். உட்கார்ந்தால் ஆள் காணாமல் போகிற நாற்காலி. பல் டாக்டர் ஏற்கெனவே வந்து, துணியை மடியில் விரித்து, கை கழுவி, ஆபரேஷனுக்குத் தயாராக இருந்தார். வெயிட்டர் முதல் தட்டைக் கொண்டுவந்து டாக்டர் முன்னால் வைத்தார். மூன்று அடுக்கு. உச்சியில் சாக்லேட் கேக், செர்ரி, கிரீம். கண்ணாடிக்காரருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இரண்டாவது தட்டு வந்தது. அதில் அடுக்குக்கு அடுக்கு வெள்ளிமூடி.

"பார்த்தியா? ஆள் பார்த்து மரியாதை" என்றார் கண்ணாடிக்காரர்.

வெயிட்டர் மூடிகளைத் திறந்தார். கீழ் அடுக்கில் பாலில் ஊறிய ரொட்டி, அதுவும் ஓரம் வெட்டினது. நடு அடுக்கில் மசித்த உருளைக்கிழங்கு, உப்பு இல்லாமல். உச்சியில், பன்னிரண்டு வருஷம் அவர் கண் வைத்திருந்த அந்த உச்சியில், கூழாக வேகவைத்த ஆப்பிள். பக்கத்தில் ஒரு கோப்பை ஆறின வெந்நீர்.

"என்ன இது?"

"பல் வலி இப்ப எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார் வெயிட்டர், ஆஸ்பத்திரிக் குரலில்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து புக்கிங்கை உறுதி பண்ண ஃபோன் பண்ணோம் சார். சாப்பாட்டுல ஏதாவது ஆகாதது உண்டான்னு எல்லாரையும் கேக்குறது வழக்கம். மேடம்தான் எடுத்தாங்க. இனிப்பு கூடாது, சூடு கூடாது, ஐஸ் கூடாது, கடிக்கிறது எதுவும் கூடாதுன்னு வரிசையாச் சொன்னாங்க. ரொம்ப அக்கறையான மேடம் சார்."

கண்ணாடிக்காரருக்குச் சொந்த ஃபோன் நம்பர் மனப்பாடம் கிடையாது. கல்யாணமான நாள் முதல் பள்ளிக்கூடம், பாங்க், இன்ஷூரன்ஸ் என்று எந்தக் காகிதத்திலும் அவர் எழுதுவது மனைவியின் நம்பரைத்தான். ஹோட்டல் நோட்டிலும் கை பாட்டுக்கு அதையே எழுதிவைத்துவிட்டது.

அவர் சட்டென்று நண்பர் தட்டுக்குக் கையை நீட்டினார். வெயிட்டர் அதைவிடச் சட்டென்று தட்டை நகர்த்தினார்.

"மன்னிக்கணும் சார். நண்பர் தட்டுல கை வைப்பார், விட்டுடாதீங்கன்னும் மேடம் சொன்னாங்க."

"டேய், நீ டாக்டர். நீயே சொல்லு. எனக்குப் பல் வலியே இல்லை."

பல் டாக்டர் கேக்கைப் பார்த்தார். நண்பரைப் பார்த்தார். மறுபடி கேக்கைப் பார்த்தார்.

"வாயைத் திற."

திறந்தார். டாக்டர் தேக்கரண்டியால் நாக்கை அழுத்தி எட்டிப் பார்த்தார்.

"ம்... வீட்டுல சொன்னது சரிதான்டா. இன்னிக்கு ஒரு நாள் மசிச்சதே சாப்பிடு."

"துரோகி!"

"வாயை அசைக்காதே. வலிக்கும்."

"சரி, என் பங்கு கேக் எங்கே?" என்று வெயிட்டர் பக்கம் திரும்பினார். காலையிலிருந்து வெறும் வயிறு.

"அதைப் பெட்டியில கட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க சார். இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்."

ஒரு வருஷமாக நடக்காதவர் அன்றைக்கு ஓடினார். வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அலமாரியை விட்டு வெளியே வராத பூப்போட்ட கோப்பைகள் மேஜைமேல் வந்திருந்தன. ஒரு நாற்காலியில் அவர் மனைவி. எதிர் நாற்காலியில் பல் டாக்டரின் மனைவி. நடுவே ஹோட்டல் பெட்டி. எட்டிப் பார்த்தார். கிரீம் ஒட்டின காகிதம் மட்டும் இருந்தது. கடைசித் துண்டு மனைவியின் கையில் இருந்தது. அவர் பார்க்கப் பார்க்க அவள் அதை நிதானமாக வாயில் போட்டுக்கொண்டாள்.

"பல் எப்படிங்க இருக்கு?"

"போயிடுச்சு."

"பல்லா?"

"வலி."

"எங்க வீட்டுக்காரர் கைராசி அப்படி அண்ணா" என்றாள் டாக்டர் மனைவி, விரலைத் துடைத்துக்கொண்டே.

கத்தலாம் என்றுதான் வாயைத் திறந்தார். எதைச் சொல்லிக் கத்துவது? போன வருஷம் ஆசையாகக் கேட்டவளை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, திருட்டுத்தனமாகப் போனவர் அவர்தான். நிஜமாகவே வெட்கமாக இருந்தது. இறங்கி வந்தார்.

"தப்பு என்மேலதாம்மா. உன்னை அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருக்கணும். அடுத்த வாரம் நாம ரெண்டு பேரும் போவோம். நீ, நான், மூணு அடுக்கு."

அவள் முகம் ஒரு நிமிஷம் இளகியது. அவருக்கு நம்பிக்கை வந்தது. நாக்கில்கூட மறுபடி ஊறியது.

"நான் எதுக்குங்க அவ்வளவு தூரம்? இப்படி வீட்டுலயே உக்காந்து சாப்பிடுறதுதான் எங்க ரெண்டு பேருக்கும் வசதியா இருக்கு" என்று சொல்லி, அவள் ஃபோனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "அடுத்த வியாழக்கிழமையும் மூணரைக்கு உங்களுக்குப் பல் வலிக்கும். இப்பதான் புக் பண்ணேன்."