சுருட்டை முடி

நாற்பத்தேழு நாளில் சின்னவளுக்கு வளர்ந்த முடி பதினாறு மில்லிமீட்டர். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. அளவில் தப்பு வராது.

அக்காவுக்கோ காதை மறைக்கும் சுருட்டை.

புற்றுநோய் மருந்து ஏறி அக்காவுக்கு முடி கொட்டியபோது, சின்னவள் தன் இடுப்பளவு பின்னலை வெட்டி பார்லரிலேயே போட்டுவிட்டு வந்து சபதம் செய்தாள். "உனக்கு முளைக்கிற வரைக்கும் எனக்கும் மொட்டைதான்."

வாரம் தவறாமல் மழித்தாள். அக்கா கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். நடக்கவில்லை. சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து ஒருநாள் அக்கா தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்தாள்.

"உள்ளுக்குள்ளயே வளர்ந்துடுச்சு பாரு! போதும், இனிமே நீயும் முடி வளத்துக்கோ."

சபதம் முடிந்தது. பொறாமை ஆரம்பித்தது.

செத்துப் பிழைத்து வந்த அக்கா மேல் பொறாமைப்பட எவ்வளவு மட்டமான மனசு வேண்டும் என்று யோசித்தாள். ரொம்ப வேண்டாம், சுமாரான மனசே போதுமாக இருந்தது.

"தலைக்கு என்னக்கா தடவுறே?"

"ஒண்ணுமில்லடி."

"சொல்ல இஷ்டமில்லன்னா விடு." சுருட்டையைத் தொடக் கையை நீட்டினாள்.

"தொடாதே! தலை இன்னும் நோகுது."

சின்னவள் வெங்காயச் சாறு தடவினாள்.

"சமையலறையில படுத்த மாதிரி இருக்கு," என்றான் கணவன். "உங்க அக்கா முடி என்னமா சுருண்டிருக்கு!"

மறுநாளே விளம்பரத்தில் பார்த்த தைலம் வாங்கினாள். தலை தடித்தது, அரித்தது, பதினாறு மில்லிமீட்டரும் திட்டுத் திட்டாக உதிர்ந்தது. பஸ்ஸில் ஒருவர், "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா" என்றார்.

மொட்டையடித்தால் அடர்த்தியாக வரும் என்றாள் கூட வேலை பார்ப்பவள். படித்த பாடம் அத்தனையும் அதற்கு நேர்மாறு. ஆனால் வயிற்றெரிச்சலுக்கு முன்னால் பட்டப்படிப்பு எம்மாத்திரம்?

அரிப்பு அடங்கியதும் நேராகப் பழைய பார்லர்.

"மறுபடியுமா?" என்றாள் பார்லர்க்காரி. "இப்பதானே வளர விட்டீங்க!"

"மழிங்க. அக்கா மாதிரி வரணும்."

மழித்து முடித்ததும் கண்ணாடியில் உருண்டையாக ஒரு தலை தெரிந்தது. சின்னவள் அதைத் தடவிப் பார்த்தாள்.

"எனக்கு வெக்கமா இருக்குங்க. அவ பிழைச்சதே பெரிசு. ஆனா அந்த முடியைப் பாத்தாலே பிடுங்கி என் தலையில வச்சுக்கணும்னு தோணுது."

பார்லர்க்காரி கத்தியைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"அக்கா எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க..."

"என்ன சத்தியம்?"

"நீங்க மழிக்கிறதை நிறுத்தணும்னு பாவம் என்னென்னவோ பண்ணாங்க." அவள் ஈரக்கையைச் சின்னவளின் வழவழத் தலைமேல் வைத்தாள். "அந்தச் சுருட்டை, உங்க பின்னலைச் சுருட்டிச் செஞ்ச விக்தாம்மா. அவங்க தலை இன்னும் இப்படித்தான் இருக்கு."