வல்லிபுரம் அண்ணன் நிறுத்திய தண்ணீர்

கிள்ளானில் புது வீட்டுக்குக் குடிபோகக் காத்திருக்கும் மச்சான் நாகையா அவர்களுக்கும், என் தங்கச்சி பவுனம்மாளுக்கும், செந்தூல் சின்னையா கைகூப்பிச் சொல்லிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கேயும் எல்லாரும் நலமாக இருக்க முருகனைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத்து வராது என்பது நீங்கள் அறிந்ததே. சொல்வது நான், எழுதுவது பக்கத்து வீட்டு ரமணி.

மேலே சட்டம் கட்டாத வெறும் கண்ணாடி மீன் தொட்டி வாங்கியிருக்கிறீர்களாம். குடிபுகும் நாளில் அது விளிம்பு வரை நிறைந்து நிற்க வேண்டும், ஆனால் வழியக்கூடாது, என்ன செய்யலாம் என்று கேட்டு விட்டிருந்தீர்கள். நல்ல ஆளைத்தான் கேட்டீர்கள். ஜொகூரிலிருந்து பெர்லிஸ் வரை ஒரே நேரத்தில் கரண்ட் போனதே, அந்த வருஷம். இரட்டைக் கோபுரத்தின் தலையில் ஊசி ஏற்றியதும், அம்பாங் பக்கம் எல்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியதும் அதே வருஷம்தான். அப்போது பிரிக்பீல்ட்ஸ் வல்லிபுரம் அண்ணன் வீட்டில் இதே மாதிரித் தொட்டி வந்து இறங்கியது. ரயில்வே பட்டறையில் நான் பாய்லருக்குத் தண்ணீர் விட்டவன், அவர் மாடியில் உட்கார்ந்து படம் வரைந்தவர். பென்சில் சீவினால் சீவல்கூட ஒரே அளவில் விழும். அப்படி ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அவர் மகள் சந்திரகலாவுக்கு மூன்று இடம் வந்து மூன்றும் தட்டிப்போயிருந்தது. நாலாவதாகப் பெட்டாலிங் ஜெயா யோகநாதன் குடும்பம். அவர்களுக்குத் தோதான சனிக்கிழமை ஆடி மாதத்தில் வந்து மாட்டிக்கொண்டது. "ஆடியிலை சம்பந்தம் கதைக்கிறதோ?" என்று அண்ணனின் மனைவி பூரணம் அக்கா தலையில் கை வைத்துவிட்டார். யாழ்ப்பாணத்தார் வீட்டில் நல்ல காரியம் என்றால் வாசலில் நிறைகுடம் வைப்பார்கள் இல்லையா? மாதமே குறையான மாதம், ஆகவே வீட்டில் வேறு எதுவும் குறையாக இருக்கக்கூடாது என்று அண்ணன் முடிவு செய்தார். வாசலில் குடம் நிறைந்திருக்க, ஹாலில் மீன் தொட்டி நாலு விரல் குறைந்து நின்றால் என்ன அர்த்தம்? அதையும் நிரப்புவது என்று தீர்மானமாகிவிட்டது.

தொட்டியின் மூலையில் ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும் மச்சான். தண்ணீர் அதன் வாய்க்கு மேலே ஏறினால் உள்ளே விழுந்து, கீழே அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டிக்குப் போகும். அங்கிருந்து பம்பு இன்னொரு குழாய் வழியாக மேலே தள்ளும். நிமிர்ந்த குழாயின் வாய் எந்த உயரமோ அதுதான் தண்ணீரின் உயரம். அண்ணன் அந்த வாயை விளிம்புக்கு ஒரு விரல் கீழே உயர்த்தினார். உடனே வீட்டுத் தரை கோணல் என்று தெரிந்தது. சட்டம் போட்ட தொட்டி என்றால் மறைத்துவிடும், இது காட்டிக்கொடுக்கிற ஜாதி. நான் பட்டறை ரசமட்டத்தைக் கொண்டுபோய், காலுக்கு அட்டை கொடுத்துச் சரிசெய்தேன். சரிசெய்து நிமிர்வதற்குள் ஒரு தங்கமீன் எகிறி அண்ணனின் கணக்குத் தாளில் விழுந்து துள்ளியது. அவர் அதை எடுத்துத் தண்ணீரில் விட்டுவிட்டு, அழிந்துபோன எண்ணை மறுபடி எழுதினார். என்ன நிதானம்!

ஆனால் சுவிட்சை நிறுத்திப் பார்த்தபோதுதான் வினை வந்தது. பம்பு நின்றதும், மேலே தள்ளும் குழாய், அதன் வாய் தண்ணீருக்குள் முங்கியிருந்ததால், தள்ளின தண்ணீரையெல்லாம் திரும்ப உறிஞ்ச ஆரம்பித்தது. சின்னத் தொட்டி எவ்வளவு குடிக்கும்? வழிந்து, அலமாரியைத் தாண்டி, சோபாவுக்கு அடியில் போய்விட்டது. புதன் ஒரு தடவை, வியாழன் ஒரு தடவை, வெள்ளி காலையில் ஒரு தடவை. மூன்று தடவையும் பூரணம் அக்கா பாவாடைத் துணியோடு குனிந்தார்.

"இது வீடோ, குளக்கட்டோ?"

"பொறும் பூரணம், கணக்கிலை ஒரு சின்னப் பிழை."

"உங்கடை சின்னப் பிழை ரெண்டு வாளி வருது."

வெள்ளி சாயங்காலம் அண்ணன் நிமிர்ந்த குழாயின் வாயில் ஒரே ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், அறுத்துக் குறைத்தார். சனி காலையில் நிறுத்திப் பார்த்தோம். தண்ணீர் ரெண்டு விரல் இறங்கியது, நின்றது. தரையில் ஒரு சொட்டு இல்லை! "பார்த்தீரோ சின்னையா, ஒரு நூல்!" என்றார். நான் பட்டறையில் பெரிய துரைக்கு வைத்ததைவிடப் பெரிய சலாம் வைத்தேன்.

யோகநாதன் குடும்பம் வந்து, தேத்தண்ணி குடித்து, பேச்சு மெல்லச் சூடு பிடிக்கும்போது, ஐந்தே காலுக்கு, டப்பென்று கரண்ட் போனது. ஃபேன் நின்றது. பம்பு நின்றது. அந்த அமைதியில் தண்ணீர் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டேன். "ஐயோ, நிறைஞ்சிருந்தது குறையுதே," என்று மாப்பிள்ளையின் தாயார் சொல்ல, சந்திரகலா முகம் செத்துவிட்டது. வல்லிபுரம் அண்ணன் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ரெண்டு விரல் இறங்கும். பிறகு நிக்கும்."

நின்றது மச்சான்! மாப்பிள்ளையின் தகப்பனார் யோகநாதன் எழுந்து போய்த் தன் ரெண்டு விரலை வைத்தே அளந்து பார்த்தார். "தன்ரை வீட்டுத் தண்ணி எங்கை நிக்கும் எண்டு தெரிஞ்ச மனிசன். இஞ்சை சம்பந்தம் செய்யலாம்," என்றார். ஆவணியில் கல்யாணம். இன்றைக்கு ஷா ஆலமில் சந்திரகலாவின் பிள்ளை நடக்கிறது.

ஆகவே நீங்களும் கவலைப்படாமல் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வைத்து, ஒரு நூல் அறுத்துவிடுங்கள். அந்த மேதை காட்டிய வழி அது, தப்பாது. புது வீட்டில் அரிசியும் சிரிப்பும் தொட்டியும் குறையாமல் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சின்னையா (கைநாட்டு)

பி.கு.: மச்சான், மேலே உள்ளதைக் கிழித்துப்போடு என்றால் ரமணி கை வலிக்கிறது என்கிறாள், அதனால் இங்கே சொல்கிறேன். குழாயை அறுக்க வேண்டாம். போன வருஷம் வல்லிபுரம் அண்ணன் தவறி, முப்பத்தோராம் நாள் காரியத்துக்குப் போனபோது, தொட்டியைக் கழற்றித் தரச் சொன்னார்கள். மேலே தள்ளும் குழாயில், தண்ணீர் மட்டத்துக்கு ரெண்டு விரல் கீழே, கடுகளவு ஒரு துளை. தண்ணீர் அதுவரை இறங்கினதும் குழாய் காற்றைக் குடித்து உறிஞ்சுவதை விட்டுவிடும். "இது யாரு போட்டது அக்கா?" என்றேன். "கணக்குப் போட்டது அவர். தரை துடைச்சது நான். வெள்ளி ராத்திரி ஊசியைக் காய்ச்சிக் குத்தினனான். பாசி அடைக்காமல் கிழமைக்கு ஒருக்கால் நான்தான் குத்தி விடுறனான்," என்றார். அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, "நல்லா நித்திரை கொண்டவர். அது போதாதோ?" என்று சிரித்தார். அண்ணன் பெயரைக் காப்பாற்றலாம் என்றுதான் நானும் மேலே அப்படிச் சொன்னேன். ஆனால் உங்கள் வீட்டில் தரை துடைக்கப்போவது என் தங்கச்சி. அன்றைக்கு ரெண்டு விரல் வைத்து அளந்த யோகநாதனும் போய்விட்டார். என்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள், நான் துளையைப் பார்க்காமலே சலாம் வைத்தவன். அந்தத் தண்ணீரை நிறுத்தத் தெரிந்து இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஆள்தான், பிரிக்பீல்ட்ஸ் பூரணம் அக்கா.