சேன்-பலாக் மலைக் கல்வெட்டு

தார்ப், ஜூலை 9

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ரோலான் காஸ்தெரா அவர்களுக்கு மைத்துனன் ரெஜிஸ் எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால்களும் நலம். அங்கே நீங்களும் தங்கை ஒடிலும் உங்கள் மூன்று வெற்றிக் கோப்பைகளும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு உண்மை. ஒடிலுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். பதினோரு வருஷமாக நான் உங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டு வருகிறேன். வேறென்ன செய்வது? ஒரே அணி, ஒரே சட்டை, ஒரே மாதிரி மீசை என்று ஒன்பது வருஷம் சைக்கிள் பந்தயம் ஓட்டினோம். ஜெயித்தது நீங்கள், உங்களுக்குத் தண்ணீர் பாட்டில் சுமந்தது நான். சந்தைக்குப் போனால், "காஸ்தெரா ஐயாதானே? எங்கப்பா உங்க மேல உயிரையே வச்சிருந்தார்" என்று கண்கலங்குகிறார்கள். இல்லை என்றால் முகம் வாடிவிடுகிறது. ஆமாம் என்றால் கால் கிலோ பாலாடைக்கட்டி சும்மா கிடைக்கிறது.

ஆகவே போன வாரம் சேன்-பலாக் ஊர் மேயர் சொலாஞ் அம்மாள் போன் செய்து, "எண்பத்து நாலுல எங்க மலையில ஓட்டினீங்களே, அதுக்கு ஒரு கல்வெட்டு திறக்கிறோம், வந்துடுங்க" என்றபோது, அந்த மலையில் ஜெயித்தவர் நீங்களாயிற்றே, வழக்கமான குழப்பம்தான் என்று நினைத்தேன். மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். விருந்துக்கு வாத்து என்றார். சரியென்றுவிட்டேன். போய்ப் பார்த்தால் மொத்த ஊரும் கூடியிருக்கிறது, அக்கார்டியன் வாசிக்கிறார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் மனசு கேட்கவில்லை. "மன்னிச்சிடுங்க. நான் காஸ்தெரா இல்ல, அவரோட மச்சான். அன்னிக்கு இந்த மலையில கடைசியா வந்தவன்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

மேயர் அம்மாளோ, "தெரிஞ்சுதானே கூப்பிட்டோம்" என்றார். "காஸ்தெரா எங்க ஊரை நாற்பது செகண்டுல தாண்டிப் போயிட்டார். நீங்கதான் எங்கம்மா ஓட்டல் வாசல்ல இறங்கி உட்கார்ந்து, அவரைக்காயும் வாத்தும் ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க. பின்தங்கினவங்களை ஏத்திக்கிட்டுப் போக வந்த வேன் டிரைவரையும் பக்கத்துல உட்கார வச்சு சாப்பிட வச்சீங்க. அப்புறம் ஊரே சேர்ந்து உங்களை மேட்டுல தள்ளிவிட்டோம்."

"தள்ளினவன் நான். தோள் இன்னும் வலிக்குது" என்றார் கூட்டத்திலிருந்த ரொட்டிக்கடைக்காரர்.

அழுதுவிட்டேன், மாப்பிள்ளை. பிறகு மேயர் அம்மாளோடு ஆடினேன், ரொட்டிக்கடைக்காரரோடும் ஆடினேன். நாற்பது பேருக்கு என் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டேன். பழக்கமில்லாததால் முதல் இரண்டில் எழுத்துப்பிழை. இனி உங்கள் பெயரைத் தொடமாட்டேன், இது உறுதி.

ஒடிலுக்கு என் முத்தங்கள். உங்கள் புகழ் நீடூழி வாழட்டும். என்னுடையது ஒரு ஊர் அளவுக்கு இருந்தால் போதும்.

அன்புடன்,
ரெஜிஸ் லாகாரிக்

பி.கு.: இப்போதுதான் விழாவின் புகைப்படங்கள் வந்தன. இருந்த குதூகலத்தில் கல்வெட்டை யாருமே படிக்கவில்லை போலிருக்கிறது. "இந்த மலையில் கடைசியாக வந்து எங்கள் மனதில் முதலிடம் பிடித்த ரோலான் காஸ்தெரா" என்று செதுக்கியிருக்கிறார்கள். செதுக்கியவரும் நம் மீசையைப் பார்த்துக் குழம்பியிருக்கிறார். மேயர் அம்மாள் பதறிப்போய், "மாத்திடட்டுமா?" என்று போன் செய்தார். நல்ல கருங்கல், மழைக்கும் வெயிலுக்கும் இருநூறு வருஷம் தாங்கும், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.